அக்காவின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது

மேஜையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தால், எங்கள் வீட்டுச் செஸ் கடிகாரத்தின் 'டிக் டிக்' எலும்பு வழியாகத் தாடை வரைக்கும் ஏறும். ஒரே மரப்பெட்டியில் இரண்டு முகங்கள், ஒன்று எனக்கு, மற்றது என் அக்கா கல்பனாவுக்கு. காயை நகர்த்தியதும் மேலே இருக்கும் குமிழை அமுக்கினால் நம் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும், அமுக்க மறந்தாலோ நம் நேரமே கரைந்துகொண்டிருக்கும், கடைசியில் ஒரு குட்டிச் சிவப்புக் கொடி விழுந்துவிட்டால் ஆட்டம் போச்சு.

அல்சூரில் பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக வளர்ந்த எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி அமுக்க மறந்தால் மற்றவள் 'ஒத்து, ஒத்து' என்று கன்னடத்தில் கத்திவிட வேண்டும். பெரும்பாலும் நான்தான் கத்துவேன், ஏனென்றால் ஆட்டத்தில் மூழ்கிவிட்டால் அக்காவுக்குச் சோறு தண்ணிகூட நினைவிருக்காது. என்னைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரி அவள். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வயசாக வேண்டியிருந்தது.

அவள் பி.யு.சி. படிக்கும்போது அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவை ஸ்டேட் டீம்ல வந்தா ஆடு. இல்லேன்னா போர்டை மூடி வெச்சுட்டுப் படிக்கிற வழியைப் பாரு." எனக்கு வயது பதிமூன்று, அந்தக் கெடு எனக்கில்லை. ஆனால் தேர்வுப் போட்டியின் கடைசிச் சுற்றில், கொடுமையைப் பாருங்கள், அக்காவுக்கு எதிரில் நானே உட்கார்ந்தேன். ஜெயிப்பவளுக்குத்தான் டீமில் இடம்.

அக்கா ஜெயித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்திருக்கும். யானையை நகர்த்தினாள், பழக்கதோஷத்தில் அதைத் தாளில் எழுதினாள், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பலகையையே பார்த்தாள். குமிழை அமுக்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். தொண்டை வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, ஏதோ பெரிய யோசனையில் இருப்பவள்போல என் குதிரையை முறைத்துக்கொண்டிருந்தேன். சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது, அதைத்தான் அந்த இரண்டு நிமிஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பாவி. கொடி விழுந்ததும் "டைம்" என்று கையைத் தூக்கினேன்.

அக்கா எனக்குக் கை கொடுத்தாள். வீட்டுக்கு வந்து, "என் மறதிதான்ப்பா, அவ நல்லாத்தான் ஆடினா" என்று பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டாள். அன்று அவள் என்னைத் திட்டியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால், எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஸ்டேட் டீமோடு போய் நான் மண்ணைக் கவ்விவிட்டு வந்தேன். அவள் அதற்கப்புறம் ஒரு காயைக்கூடத் தொடவில்லை.

இப்போது பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன், அவள் மகள் மொபைலில் செஸ் ஆடிக்கொண்டிருந்தாள். அதில் குமிழும் இல்லை, கொடியும் இல்லை. காயை நகர்த்தினால் நேரம் தானாகவே எதிராளி பக்கம் மாறிவிடுகிறது, யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அன்னைக்கு இந்த மாதிரி இருந்திருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்டி. நானும் கவனிக்கலை, நீயும் கவனிக்கலை. பார்த்திருந்தா நீ சொல்லியிருப்பே."

"ஆமாக்கா" என்றேன்.