பதினாறு வீட்டுக் கூலரும் காந்திமதியும்

பாலசுப்ரமணியம் எனக்குச் சித்தி மகன். அவன் பெண்டாட்டி காந்திமதி என் வீட்டுக்காரருக்கு மாமன் பேத்தி. எந்தப் பக்கமாகச் சுத்தி வந்தாலும் அவள் எங்களுக்குச் சொந்தம்தான். எண்பத்தேழில் கல்யாணம் முடிந்த கையோடு பாளையங்கோட்டையிலிருந்து டெல்லிக்கு வந்தாள். மயூர் விஹாரில் ஏரியை ஒட்டின நாலு மாடிக் கட்டடத்தில் குடித்தனம். மொத்தம் பதினாறு வீடு. நான் கரோல் பாக்கில் மகன் வீட்டில் இருந்தேன். மாசம் ரெண்டு தடவை பஸ் பிடித்து அவளைப் பார்க்கப் போய்விடுவேன்.

தொண்ணூத்தாறில் டெல்லி முழுக்க டெங்கு. அவள் மகள் கவிப்ரியாவுக்கு அப்போது ஏழு வயசு. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது பிள்ளை. ஈறெல்லாம் ரத்தம். பிழைத்து வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "இது மறுபடி வராமப் பாத்துக்கோங்க. ரெண்டாவது தடவை இதைவிட மோசமா அடிக்கலாம்."

அந்தச் சொல் காந்திமதி மனசில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது.

கட்டடத்தில் எல்லாரும் ஏரியைத்தான் ஏசினார்கள். செக்ரட்டரி சந்திரமௌலி, ரிட்டயர் ஆன ஆபீசர், தஞ்சாவூர்க்காரர். ஏரியை மூடச் சொல்லி ஒரு மனு எழுதினார். பதினாறு வீடும் கையெழுத்துப் போட்டது. இவளும் போட்டாள். அடுத்த வாரம் கொசு இலாகா ஆள் ஒருத்தர் வந்தார். ஏரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே இவள் வீட்டு ஜன்னலில், தண்ணி ஊத்திக் குளிர்காத்து வாங்குகிற கூலருக்குள் டார்ச் அடித்து, ஒரு கரண்டித் தண்ணியை மோந்து காட்டினார். உள்ளே நூல் நூலாகப் புழு நெளிந்தது.

"டெங்கு கொசு ஏரிக்குப் போகாது, பஹன்ஜி. அதுக்கு வீட்டுக்குள்ள நல்ல தண்ணி வேணும்" என்றார்.

குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணி வரும். அதை யார் கீழே கொட்ட மனசு வைப்பார்கள்? கூலரில் குறைந்தால் மேலேயே ஊத்துவது, ஊத்தினதைக் கோடை முழுக்க மாற்றாதது, இதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம்.

"குடிக்கிற தண்ணியை ஊத்தி நானே வளத்திருக்கேன், மதினி" என்று என் மடியில் விழுந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறு வருஷம் கூலரெல்லாம் ஜன்னலில் ஏறியது. இவள் வீட்டை மட்டும் கழுவினால் போதுமா? மாடி வீட்டில் பிறந்த கொசுவுக்குக் கீழ் வீட்டுக்கு வழி தெரியாதா? ஜூலை முதல் சனிக்கிழமை, பிரஷ்ஷும் வாளியுமாக மேலே ஏறினாள். முதல் கதவு பல்லா ஆன்ட்டி, பஞ்சாபிக்காரி. நான் பின்னாலேயே போனேன்.

"ஆன்ட்டிஜி, கூலர் கோ காலி தேனா ஹை!"

காலி பண்ணணும் என்றுதான் அவள் நினைத்துச் சொன்னாள். நமக்கு இருப்பது ஒரே 'கா'. இந்திக்காரர்களுக்கு அதிலே ரகம் ரகமாக இருக்கிறது. மூச்சுவிட்டுச் சொன்னால் வெறுமை, மெல்லச் சொன்னால் வசவு. இவள் மெல்லச் சொல்லி, பண்ணணும் என்கிற 'கர்னா'வுக்குப் பதில் கொடுக்கணும் என்கிற 'தேனா'வையும் போட்டாள். கூலரைத் திட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது.

"கூலரையா? அச்சா! அது என்ன தப்பு பண்ணிச்சு?" என்று ஆன்ட்டி இந்தியில் கேட்டாள்.

"உஸ்மே மச்சர் ஹை!" என்றாள் இவள், அதுக்குள்ளே கொசு இருக்கு என்று.

பல்லா ஆன்ட்டிக்குப் புரிந்ததோ புரியவில்லையோ, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கூலரைப் பார்த்துப் பஞ்சாபியில் ஒரு பாட்டம் திட்டினாள் பாருங்கள், மாடிப்படி முழுக்க ஆள் கூடிவிட்டது. சிரித்து ஓய்ந்தபிறகு ஆன்ட்டியே கூலருக்கு அடியில் இருந்த அடைப்பைப் பிடுங்கினாள். தண்ணி வாளியில் இறங்கியது. அந்தத் தண்ணியிலேயே மாடிப்படியைக் கழுவினார்கள். முட்டை பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் என்று காந்திமதி உள்ளே தேய்த்துக் காட்டினாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமை காலை இவள் கொலுசுச் சத்தம் கேட்டால் போதும். "திட்ட வந்தாச்சு, ஜல்தி!" என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்கும். அடைப்பும் கழன்றுவிடும்.

சந்திரமௌலி வீடு மட்டும் மசியவில்லை.

"ஏரி இருக்கிற வரைக்கும் கூலரைக் கழுவி என்னம்மா பிரயோஜனம்?"

"ஏரிக் கொசுவுக்கு ஜன்னல்ல வலை போட்டிருக்கீங்க, சார். உள்ளேயே பொறக்கிறதுக்கு வலை என்ன செய்யும்?"

"எங்காத்துத் தண்ணி அவ்வளவு சுத்தம்."

"அதனாலதான் சார் அதுக்குப் பிடிக்குது."

சொல்லிக்கொண்டே ஒரு கண்ணாடித் தம்ளரில் மோந்து வெளிச்சத்தில் பிடித்தாள். நாலஞ்சு புழு குட்டிக்கரணம் போட்டது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

அவர் சம்சாரம் ஜெயலட்சுமி மாமி அடுக்களையிலிருந்து வந்தாள். "முப்பது வருஷம் ஃபைல் பார்த்த கண்ணாச்சே, இது தெரியலையாக்கும்!" என்று சொல்லி அடைப்பைத் தானே இழுத்துவிட்டாள்.

செப்டம்பரில் எதிர்க் கட்டடத்தில் மூணு பேருக்கு டெங்கு. அந்த வாரமே கவிப்ரியா பள்ளிக்கூடத்திலிருந்து உடம்பு சுட வந்தாள். காந்திமதி அப்போதே அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிள்ளையின் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு ரெண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். அப்பன்காரன் பாலுதான் ரிசல்ட் வாங்கி வந்தான். வாசலிலிருந்தே கத்தினான்: "வெறும் சளிக் காய்ச்சல்!"

அவள் ஒரு சொம்புத் தண்ணி குடித்துவிட்டு எழுந்தாள். அன்றைக்குச் சனிக்கிழமை. வாளியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

அக்டோபர் கடைசியில் அதே கொசு இலாகா ஆள் வந்தார். பதினாறு கூலர், மொட்டைமாடித் தொட்டி, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றிலும் டார்ச் அடித்தார். வியர்த்து விறுவிறுத்துக் கீழே வந்து நோட்டை மூடினார்.

"இந்தக் கோடியில ஒரு வீட்டுலயும் புழு இல்லாத கட்டடம் இது ஒண்ணுதான்" என்றார். "சொல்லுங்க, எப்படிச் செஞ்சீங்க?"

காந்திமதி சுசியம் பொரித்துக்கொண்டிருந்தாள், பதினாறு வீட்டுக்கும் சேர்த்து. கரண்டியும் கையுமாக வந்து நின்று இந்தியில் வார்த்தை கூட்ட ஆரம்பித்தாள். அதற்குள் அவளுக்குப் பதிலாக ஆளாளுக்குப் பேசினார்கள். எல்லாருக்கும் முந்திக்கொண்டு, தானே செய்த மாதிரிச் சொன்னவர் சந்திரமௌலி.

கவிப்ரியா ரெண்டு சுசியத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினாள். போன வருஷம் அந்த ஏரியை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட காந்திமதி இப்போது தடுக்கவில்லை.