ஜெர்சிப் பெட்டி வைத்திருந்தவர்

இப்போதும் கோட்டையிலிருந்து கல்கிசைக்கு ரயிலில் போனால், பம்பலப்பிட்டி தாண்டியதும் என் கழுத்து தானாக இடது பக்கம் திரும்பிவிடும். வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால், ஒழுங்கையின் முடிவில், ஒரு மாடி வீடு இருந்தது. அந்த இடத்தில் இன்று எட்டு மாடி ஃபிளாட் நிற்கிறது. நடுவில் மரைன் டிரைவ் என்ற புது வீதி வேறு. பார்க்க ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். “அங்க என்னா இருக்குன்னு எட்டி எட்டிப் பாக்குறீங்க?” என்று என் மனைவி சீனியம்மா ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

அந்த மாடியில் குடியிருந்தவர் இராஜநாயகம். எங்களுக்கு நாயகம் அண்ணன். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்காரர், கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். மெலிந்த மனிதர், வெள்ளைச் சேர்ட்டைத் தவிர வேறு நிறம் உடம்பில் பட்டதில்லை. வாழ்நாளில் ஒருநாள்கூட ரக்பிப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடியதும் கிடையாது. ஆனால் கோஸ்ட்லைன் ரகர் கிளப் என்று ஒன்று கொழும்பில் அத்தனை வருடம் உயிரோடு இருந்தது அவரால்தான். ரக்பியைக் கொழும்பில் நாங்கள் ரகர் என்றுதான் சொல்வோம்.

கிளப்பைத் தொடங்கியவர் டெரன்ஸ் என்ற பறங்கியர். அண்ணனோடு அதே கம்பனியில் வேலை செய்தவர். கரையோர ரயிலில் ஒன்றாக வேலைக்குப் போகிறவர்களைச் சேர்த்துத் தொடங்கியதால் அந்தப் பெயர். எழுபத்தைந்தாம் வருடம் ஒருநாள் டெரன்ஸ், ஜெர்சிகள் இருந்த தகரப் பெட்டியை அண்ணன் வீட்டுக் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு, “நாயகம், வாற கிழமை வந்து எடுக்கிறன்” என்றாராம். அடுத்த கிழமை அவர் இருந்தது ஒஸ்ரேலியாவில். பெட்டி அங்கேயே தங்கிவிட்டது. கிளப்புக்கு மைதானமும் இல்லை, அறையும் இல்லை. கால்வாய்க் கரையில் மாநகரசபைப் புல்தரையில் பயிற்சி. சொத்து என்று சொன்னால் அந்தப் பெட்டியும் அதற்குள் நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பதினைந்து ஜெர்சிகளும்தான்.

மட்ச் முடிந்ததும் சேறும் வியர்வையுமாக ஜெர்சிகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டு அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைப்போம். தோய்ப்பது அவர் மனைவி கனகேஸ்வரி அக்கா. மொட்டைமாடியில் கயிறு கட்டிக் காயப்போடுவார். ஒருமுறை கேவலமாகத் தோற்றுவிட்டு வந்தோமாம், நான் சேர்வதற்கு முந்திய கதை. அக்காவுக்கு வந்த ஆத்திரத்தில், “தலைகீழாத் தொங்கட்டும்!” என்று எல்லாவற்றையும் கீழ் ஓரத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாராம். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வென்றால் தோளில் கிளிப், நிமிர்ந்து தொங்கும். தோற்றால் தலைகீழ். மட்சுக்கு வர முடியாதவர்கள் ரயிலில் போகும்போது மாடியைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்வார்கள். எங்களை ஒருநாளும் விளையாடிப் பார்த்திராதவர்கள்கூட மாடியைப் பார்க்கப் பழகியிருந்தார்கள். ஜெர்சி நிமிர்ந்து தொங்கினால் ரயில் பெட்டிக்குள் சின்னதாக ஒரு கலகலப்பு வரும்.

எனக்கு வீடு கொட்டாஞ்சேனை, வேலை கல்கிசையில் ஒரு ஹோட்டல் அடுக்களை. எங்கள் தாத்தா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர். காளியப்பன் என்ற பெயருக்கும் பென்னம்பெரிய தோளுக்கும், இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் முன்வரிசை தவிர வேறு இடம் இல்லை என்று முடிவுகட்டி என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சிங்களவர், மலாய்க்காரர், யாழ்ப்பாணத்தார், என்னைப்போல இரண்டு மூன்று பேர். ஒருவன் காதை ஒருவன் பிய்த்துக்கொண்டு விளையாடிவிட்டு எல்லாரும் அந்த வீட்டுக்குப் போய் இஞ்சி பிளேன்டீ குடிப்போம். வெளியே சண்டை நடந்த நாட்டில் அந்த மாடியில் நாங்கள் ஸ்க்ரமைப் பற்றித்தான் சண்டை பிடித்தோம்.

அண்ணனுக்குக் கடைசிவரை விளையாட்டு விளங்கவில்லை. “முன்னுக்கு ஓடுறாங்கள், பின்னுக்கு எறியிறாங்கள். உது என்ன விளையாட்டடா தம்பி?” என்பார். ஆனாலும் ஒரு மட்சைக்கூடத் தவறவிட மாட்டார். குடையோடு கோட்டோரம் நின்று, எதற்குக் கத்துகிறோம் என்று தெரியாமலே எங்களுக்காகக் கத்துவார்.

எண்பத்து மூன்று கலவரத்தில் அவர் வீட்டைச் சூறையாடினார்கள். ரேடியோ, மேசை, அக்காவின் தையல் மெஷின், எல்லாம் போயிற்று. முகாமிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது எஞ்சியிருந்தது ஜெர்சிப் பெட்டி ஒன்றுதான். தோய்க்காத ஜெர்சியின் நாற்றத்துக்குக் கள்ளன்கூடக் கிட்டப் போகவில்லை. அக்கா அழுதுகொண்டே முதல்வேலையாக அதைத்தான் தோய்த்தாராம். பிறகு இரண்டு மகள்மாரும் டொரொண்டோவுக்குப் போனார்கள். அப்பாவையும் அம்மாவையும் வா வா என்று கூப்பிட்டார்கள். “பெட்டியை ஆரிட்டைக் குடுத்திட்டுப் போறது?” என்று அண்ணன் சிரித்து மழுப்புவார். அது பகிடி இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

தொண்ணூற்றேழில் கிளப்புக்குக் கண்டம் வந்தது. பாதிப்பேர் வெளிநாடு போய்விட்டார்கள். மிச்சப்பேர் செக்பொயின்ட்டுக்குப் பயந்து மாலையில் வெளியே வருவதில்லை. ஆள் குறைந்து தோல்விக்கு மேல் தோல்வி. இந்த நேரம் பார்த்து லீக் நடத்துகிறவர்கள், அடுத்த பருவத்துக்கு ஒவ்வொரு கிளப்பும் பொறுப்பான சொந்தக்காரர் ஒருவரின் பெயரைத் தரவேண்டும், இல்லாவிட்டால் சேர்க்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கிளப் யாருடையது? அந்தக் கேள்வியை அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.

கேட்டதும் ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். சிவபாலன் எங்கள் பழைய கப்டன், அப்போது வங்கியில் பெரிய உத்தியோகம். “டெரன்சுக்குப் பிறகு கிளப்பை நடத்தினது நான். முறைப்படி எனக்குத்தான் வரவேணும்” என்றார். தில்லைநாதன் காலி வீதியில் புடவைக்கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிளப்பை வாங்கித் தன் கடையின் பெயரை வைக்க ஆசை. “இஞ்ச பாருங்கோ, புது ஜெர்சி தாறன், மட்சுக்குப் போக வான் தாறன். ஆரும் ஒராள் கையெழுத்து வைச்சால் காணும்” என்று வீட்டு வாசலிலேயே நின்றார்.

எங்களுக்கு இருவரையும் பிடிக்கவில்லை. எங்கள் அப்போதைய கப்டன் சரத், துறைமுகத்தில் தீயணைப்பு வேலை செய்த சிங்களப் பையன், நல்லாத் தமிழ் பேசுவான். அவன் அண்ணனிடமே நேராகக் கேட்டான்.

“அண்ணே, நீங்க பேரைக் குடுங்க. உங்க கிளப் தானே.”

“என்ர கிளப்போ? சும்மா இரு மல்லி. நான் பெட்டி வைச்சிருக்கிறவன். டெரன்ஸ் வந்து கேட்டால் குடுக்கவேணும்.” சரத்தை அவர் சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார்.

“டெரன்ஸ் போயி இருவது வருசத்துக்கு மேல ஆச்சேண்ணே” என்றேன் நான்.

“அதுக்கென்ன காளி? பிறத்தியான்ர சாமான் எத்தனை வருசம் இருந்தாலும் பிறத்தியான்ரதான்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு நல்ல மனிதனாக இருந்தால் கிளப் விளங்கினமாதிரித்தான் என்று அக்காவிடம் முறையிட்டேன். “எனக்கு மட்டும் என்ன கோபமில்லையே? இந்த மனுசன் கடன் வாங்கின குடையைக்கூட விரிக்க யோசிக்கும்” என்றார் அக்கா.

இந்த இழுபறிக்குள் ஒரு சனிக்கிழமை நாற்பத்தொன்றுக்கு மூன்று என்று தோற்றோம். ஆனி மாத மழை வேறு. ஞாயிறு வெயில் எட்டிப் பார்த்தபோது அக்கா ஜெர்சிகளைத் தலைகீழாகக் காயப்போட்டார். திங்கட்கிழமை காலை நான் ரயிலில் வேலைக்குப் போகிறேன், மாடியில் கயிறு மட்டும் ஆடுகிறது. கிளிப்புகள்கூடக் கழற்றப்படாமல் அப்படியே இருந்தன. அக்கா ஒருநாளும் கிளிப்பை மழையில் விடமாட்டார். வெள்ளவத்தையில் இறங்கிவிட்டேன்.

விடிய பொலிஸ் வந்து அண்ணனையும் பெட்டியையும் கொண்டுபோயிருந்தது. அதற்கு முந்திய வருடம் தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்திருந்தது. தண்டவாளக் கரையெல்லாம் காவல். அங்கே நின்றவர்கள் எங்கள் மாடியைப் பல மாதமாகக் கவனித்திருக்கிறார்கள். கடலைப் பார்த்த தமிழ் வீடு. ஒரே மாதிரிப் பதினைந்து சட்டை, எல்லாவற்றிலும் இலக்கம். சில கிழமை நிமிர்ந்து தொங்குகிறது, சில கிழமை தலைகீழ். கடலில் வருகிற படகுக்கோ ஓடுகிற ரயிலுக்கோ யாரோ சைகை காட்டுகிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அக்காவின் ஆத்திரத்தில் பிறந்த வழக்கம் இப்படி வந்து நிற்கும் என்று யார் கண்டது?

அக்கா கொமியூனிகேஷன் கடையிலிருந்து எல்லாருக்கும் போன் எடுத்தார். சிவபாலனும் தில்லைநாதனும்கூட வந்துவிட்டார்கள். பொலிஸ் நிலையத்தில் மேசைமேல் எங்கள் ஜெர்சிகள் குவிந்து கிடந்தன. பக்கத்தில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார் அண்ணன், செருப்பில்லாத காலோடு. அந்தக் காலைப் பார்த்தபோது எனக்கு யாரையாவது அடிக்கவேண்டும்போல இருந்தது.

சரத் தான் சிங்களத்தில் எடுத்துச் சொன்னான். இது ரகர், இது வெற்றி தோல்விக் கணக்கு, நாங்கள்தான் விளையாடுகிறவர்கள். பொறுப்பதிகாரி பொல்லாத ஆள் இல்லை, ஆனால் களைத்துப்போன ஆள். பாதி நம்பினார், பாதி நம்பவில்லை.

“நீங்கள் விளையாடுகிறவர்கள், சரி. இதற்குச் சொந்தக்காரன் யார்?” என்று சிங்களத்தில் கேட்டார். “ஒருவன் தன்னுடையது என்று சொன்னால் அவனை வைத்து விசாரிப்பேன். விசாரணை முடிந்து ஒன்றுமில்லை என்றால் அவன் சாமானைக் கொண்டுபோகலாம். சொந்தக்காரன் இல்லாத சாமான் திரும்பாது.”

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் கண்டேன். தில்லைநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தான் சும்மா விலை கேட்டதோடு சரி, இன்னும் வாங்கவில்லை என்றார். சிவபாலன் தான் கிளப்பை விட்டு எத்தனையோ வருடமாயிற்று என்றார். சொல்லிவிட்டு அண்ணனின் காதோடு குனிந்தார்.

“நாயகமண்ணை, டெரன்சின்ர எண்டு சொல்லுங்கோ. உண்மையும் அதுதானே. ஒஸ்ரேலியாவில போய் அவனை ஆர் பிடிக்கப்போறான்? நீங்கள் இப்பவே வீட்டை போகலாம்.”

பக்கத்தில் நின்ற எனக்கும் அது கேட்டது. உள்ளதைச் சொல்லப்போனால் எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. அந்தக் காலத்தில் உள்ளே போனவர்கள் எப்போது வெளியே வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் மேசையைப் பார்த்தார். வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார். அக்கா சம்மதம்போலத் தலையை ஒரு முறை ஆட்டினார். அண்ணன் எழுந்து நின்றார்.

“மகே, மஹத்தயா” என்றார். என்னுடையது, ஐயா.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். “நிச்சயமாகவா?”

“ஓவ். மே கிளப் எக்க மகே.” ஆமாம், இந்தக் கிளப் என்னுடையது.

இருபத்திரண்டு வருடமாக என்னுடையது இல்லை, என்னுடையது இல்லை என்று சொன்ன மனிதன். சல்லி வரும் என்றபோது வாங்காத பெயரை, சிறை வரும் என்றபோது வாங்கிக்கொண்டார். எனக்கு முன்னால் நின்ற சரத் விம்மி அழுதுவிட்டான். நானும் அழுதேன், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

புதன்கிழமை மாலை வரை வைத்திருந்தார்கள். லீக்காரர்களைக் கேட்டார்கள், கப்பல் கம்பனியைக் கேட்டார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். முச்சக்கர வண்டியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அக்கா தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, “இனியாவது உதைக் கயிற்றில போடாமல் அறைக்குள்ள காயப்போடுவம்” என்றார். நாங்களும் அதுதான் சரி என்றோம். அண்ணன் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து ஜெர்சிகளை எண்ணினார்.

அவர் பெயர் லீக்குக்குப் போனது. எந்த ஆதாரத்தில் நீங்கள் சொந்தக்காரர் என்று அங்கே ஒருவர் கேட்டாராம். “பொலிசில போய்க் கேளுங்கோ, அங்க வடிவா எழுதி வைச்சிருக்கினம்” என்றாராம் அண்ணன். அதற்குப் பிறகும் ஐந்து பருவம் விளையாடினோம், அதிகமாகத் தோற்றோம். அண்ணன் டொரொண்டோவுக்குப் போகாமலே இந்த ஊரில் கண்ணை மூடினார். பெட்டி இன்று சரத் வீட்டில் இருக்கிறது. அக்கா மகள்மாரிடம் போய்விட்டார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அவர் வெளியே வந்ததற்கு மறுநாள் காலைதான். வியாழக்கிழமை. வேலைக்குப் போகும் ரயிலில் இடது பக்கக் கதவில் நிற்கிறேன். மாடியில் ஜெர்சிகள், பதினைந்தும். பொலிஸ் மேசையில் கிடந்த அழுக்குப் போகத் தோய்த்துப் பிழிந்து, காவலில் நின்றவர்களுக்கும் தெரியும்படி, தோளில் கிளிப் போட்டு நிமிர்த்தித் தொங்கவிட்டிருந்தது. கயிற்றுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேர்ட்டோடு அண்ணன் நின்று கடைசிக் கிளிப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். காயப்போடுவது அக்காவின் வேலை. அவர் செய்து நான் பார்த்தது அன்றுதான்.

என் பக்கத்தில் தினமும் வருகிற ஒரு கந்தோர்க்காரர், ஏதோ அலுவலகத்தில் வேலை, நின்றார். பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் மாடியைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார்.

“என்ன தம்பி, வெண்டிட்டியள் போல?”

“ஆமாங்க, வென்டுட்டோம்” என்றேன்.