மூக்கில் வந்த ஈரத்தோல் நாற்றம்

"வலிப்பு வருவதற்கு முன் ஈரத்தோல் நாற்றம் அடிப்பதாகச் சொல்கிறார்." என் தங்கை ஸ்டெல்லாவின் மருத்துவமனைச் சீட்டில் உள்ள வரி இது. பேய், சகுனம், தரிசனம் எதையும் நான் நம்பியவன் இல்லை. தேதியும் ஆதாரமும் இல்லாத எதையும் எழுதி வைப்பவனும் இல்லை. இதை எழுத வேண்டியிருப்பதே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

அந்த நாற்றம் வெளியில் இல்லை என்று டாக்டர் எங்களுக்குப் படம் போட்டே விளக்கினார். சிறு வயதில் காய்ச்சலோடு வந்த நீண்ட வலிப்பு, மூளையில் ஒரு தழும்பை விட்டுவிட்டது. பல வருடம் ஒன்றும் தெரியாது, ஆனால் தழும்பைச் சுற்றி நரம்பு செல்கள் தப்பும் தவறுமாக இணைந்துகொண்டே வரும், அடக்கி வைக்கும் செல்கள் குறையும், ஒருநாள் எல்லாம் ஒன்றாகத் துடிக்கும். வாசனையை அறியும் இடம் பக்கத்திலேயே இருப்பதால் முதலில் நாற்றம். மாத்திரை அதை அடக்கும், ஆற்றாது. அடங்காதவர்களுக்குத் தழும்பை அறுத்தெடுக்கிறார்கள், லேசர் இழையால் சுடுகிறார்கள், துடிப்பு கிளம்பும்போதே அணைக்கும் கருவியை மண்டைக்குள் வைக்கிறார்கள். அடக்கும் செல்களையே புதிதாக நட்டுப் பார்க்கும் ஆராய்ச்சியும் நடக்கிறதாம். ஸ்டெல்லாவுக்கு மாத்திரையே போதுமாக இருந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்குத் திரும்பினாள்.

சில மாதம் கழித்து ஒருநாள் மதியம், சத்துவாச்சாரியில் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று ஈரத்தோல் நாற்றம், சுண்ணாம்பில் ஊறிய தோல், தொண்டை வரைக்கும். பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு எதுவும் தெரியவில்லை. நம்பினால் நம்புங்கள், கைகூடக் கழுவாமல் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். எடுத்தது பக்கத்து மெஷின் நூர்ஜஹான். ஹலோ என்றவள் அலறிப் போனைக் கீழே போட்டாள். போனை எடுக்க ஸ்டெல்லா பக்கம் திரும்பியதால்தான் வலிப்பில் அவள் கை ஊசிக்கு அடியில் போவதைப் பார்த்து இழுத்திருக்கிறாள்.

நான் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஸ்டெல்லா உதடு கிழிந்து படுத்திருந்தாள். வாயில் ஸ்பூனைத் திணித்திருக்கிறார்கள், கையில் இரும்புச் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள், மூக்கில் ஷூவை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். நாளெல்லாம் தோலை முகர்ந்து பிழைப்பவளுக்குத் தோலையே முகரக் கொடுத்தால் வலிப்பு நிற்குமாம்.

அவள் கணவன் சாமுவேலிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். ஜெப வீட்டில் நிறுத்தச் சொன்னார்களாம்.

"மாத்திர போட்டா விசுவாசம் கம்மின்னுதானே அர்த்தம், மச்சான்?"

"கண்ணாடி போட்டுத்தானே நீ பைபிள் படிக்கிற? மொதல்ல அத கழட்டிப் போடு."

நூர்ஜஹான் என் போன் வந்த கதையைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. கர்த்தர் எனக்குக் காட்டினாராம், ஞாயிற்றுக்கிழமை வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். மாத்திரையைப் பிடுங்கிய இடத்துக்கே என் மூக்கு சாட்சியா? அன்றைக்கே தங்கையை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். இப்போது என் கண்முன்னால் மாத்திரை சாப்பிடுகிறாள். என் தலையிலும் ஒயர் ஒட்டிப் பரிசோதித்தார் டாக்டர். கோளாறு எதுவும் இல்லை.

போன மாதம் ஸ்டெல்லாவைப் பார்க்க வந்த நூர்ஜஹான் கிளம்பும்போது சொன்னாள்: "அடுத்தவங்க போன நான் ஏன் எடுக்கப் போறேன், அண்ணா? அது அடிக்கிறதுக்கு முன்னாடியே ஸ்டெல்லா சொல்லிச்சி, எங்க அண்ணன் கூப்புடுவாரு, நீ எடுன்னு."

ஸ்டெல்லாவுக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. மெஷின் சத்தத்தில் வேறு யாரும் கேட்கவும் இல்லை. நூர்ஜஹான் சொன்னதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.