பேட்டரியை யாரோ குடிக்கிறார்கள்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். முன்பக்க விளக்குகள் மங்கி அடங்கும். நான் வாங்கிய பழைய கார் புதன்கிழமை காலையிலும் சனிக்கிழமை காலையிலும் இப்படித்தான் நின்றது. மற்ற நாட்களில் ஒரு குறையும் கிடையாது.

வாஞ்சூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அப்பா இறந்த வருஷம் அண்ணன் எட்டாவதோடு படிப்பை விட்டு, லாரியில் கிளீனராக ஏறினான். நான் படிக்க வேண்டும் என்றுதான் ஏறினான். இப்போது அவன் டிரைவர். நான் காரைக்காலில் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வம்சத்திலேயே படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. கார் வாங்கிய அன்றே இன்னொரு சாவியை அண்ணன் கையில் கொடுத்தேன்.

வண்டி நின்ற நாட்களில் ஊரில் இருந்தால் அவன்தான் தள்ளுவான்.

"டீச்சரம்மா, ரெண்டாவது கியர்ல போட்டுட்டு கிளட்ச்சை மிதிச்சுக்க. நான் சொல்றப்ப விடு. சிலபஸ்ல இது இருக்கா?"

"தள்ளு, பேசாத."

"தள்ளத்தானே படிச்சேன்."

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "சனிக்கிழமையா பார்த்து நிக்குதுன்னா என்ன அர்த்தம்? திருநள்ளாறு பக்கத்துலதானே இருக்கு, ஒரு எள் விளக்கு போட்டுட்டு வா" என்றார். புதன்கிழமைக்கு எந்தக் கோயில் என்று கேட்டேன். முறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் முதலில் சந்தேகப்பட்டது மெக்கானிக்கை. பெண் வண்டி ஓட்டி வந்தால் நல்ல பேட்டரியையே கழற்றி மாற்றிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் பள்ளி ஆய்வகத்து மல்டிமீட்டரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் பாய் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"மீட்டரோடயா வந்திருக்கீங்க? பேட்டரியைப் பொண்ணு பார்க்க வந்த மாதிரியில்ல இருக்கு. வைங்க, நீங்களே பாருங்க."

பார்த்தேன். சும்மா இருக்கும்போது பன்னிரண்டரை வோல்ட். அவர் வண்டியைக் கிளப்பினார். கிளப்பும்போதும் பத்துக்குக் கீழே இறங்கவில்லை. எஞ்சின் ஓடும்போது பதினாலுக்கு மேல் காட்டியது. பேட்டரியும் சரி, அதற்கு ஊட்டும் ஆல்டர்னேட்டரும் சரி. அவர் பானட்டை மூடினார்.

"இதுல கோளாறு இல்ல தங்கச்சி. வண்டி நிக்கிறப்ப யாரோ குடிக்கிறாங்க."

கரண்டைத்தான் சொன்னார். எனக்கு அது வண்டிக்குள் ஒரு ஆள் இருப்பது மாதிரி கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்து அளந்தேன். கரண்ட் ஒழுகுகிறது என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆக, நான் பார்க்கும்போது யாரும் குடிப்பதில்லை. அன்றிலிருந்து தினமும் மாலை வண்டி ஓடிய கிலோமீட்டரை டைரியில் எழுதினேன். காலையில் ஒப்பிட்டால் ஒரு எண் கூட மாறியிருக்காது. யாரும் ஓட்டவில்லை, சரி. உள்ளே உட்கார்ந்து பாட்டு கேட்டால்?

ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளி விட்டு வந்ததும் முன் கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டைச் செருகினேன். உப்புக்காற்றுக்கும் லாரி ரோட்டுக் கரித்தூசிக்கும் பயந்து வாங்கிய தடித்த கவரை வழக்கம்போல மேலே போர்த்தினேன். புதன் காலை கவரை விலக்கினால் காகிதம் தரையில் கிடந்தது. வண்டிக்குள் லேசாகச் சாம்பிராணி வாசனை. அண்ணன் தன் பீடி நாற்றத்தை மறைக்கத்தான் என்று தோன்றியது. எண்ணி ஒரு நிமிஷத்தில் வழக்கை முடித்துவிட்டேன்.

அன்று மாலை, அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன்.

"கார் சாவியைக் குடு."

"எங்க போகணும்? சொல்லு, நான் ஓட்டறேன்."

"போக வேணாம். சாவி என்கிட்ட இருக்கட்டும். வண்டிக்குள்ள ராத்திரி யாரோ உட்கார்றாங்க. கதவைத் திறந்திருக்காங்க, எனக்குத் தெரியும்."

அவன் கையைக் கழுவினான். இடுப்பிலிருந்த கொத்தை எடுத்து, லாரி சாவியிலிருந்து கார் சாவியைப் பிரித்து, டிபன் டப்பா மேல் வைத்தான்.

"உட்காரணும்னு தோணினா பகல்ல உட்காருவேன். உன் வண்டிதானே? கலெக்டர் வண்டியா?"

அம்மா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்ன சத்தம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றோம், இருவரும். அந்தச் சாவியை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். என் சாவி எப்போதும்போலச் சாமி மாடத்து ஆணியில் தொங்கியது. வண்டிச் சாவி அங்கேதான் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம்.

வெள்ளிக்கிழமை மதியமே அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு சேலம் போய்விட்டான். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை காலை சாவியைத் திருப்பினேன்.

டக்.

இன்னொரு முறை திருப்பினேன், அதே சத்தம். அவன் ஊரில் இல்லை. அவனுடைய சாவி என் பீரோவில் இருக்கிறது. தள்ளவும் ஆளில்லை. பள்ளிக்கு பஸ்ஸில் போனேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து, சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். பொழுது சாய்ந்தது; மற்ற நாட்களில் இந்த நேரம் நான் உள்ளறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பேன். அம்மா விளக்கேற்றினார். சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக வந்தார். பிறகு மாடத்து ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கவரின் ஓரத்தைத் தூக்கி, முன் கதவைத் திறந்து, உள்ளே புகை காட்டினார். கையை மேலே நீட்டினார். கூரை விளக்கு எரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார். கவரை இறக்கினார். வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் கூடத் தெரியவில்லை.

"அம்மா, என்ன பண்ற?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "செவ்வா வெள்ளின்னா வண்டிக்கும் விளக்கு வைக்கிறேன். மாட்டுக் கொட்டாய்க்கே வச்சவங்க நாங்க. நீ சம்பாதிச்சு வாங்கினது இருட்டுலயா கிடக்கும்?"

"விடிய விடிய எரியுதா?"

"எரியட்டுமே. வாசல் தெளிக்க வர்றப்ப மலையேத்திடறேன்."

அணைத்தேன் என்று சொல்லமாட்டார். விளக்கை அணைக்கிறதாகச் சொல்லக்கூடாது, அது மலையேறும். என் பேட்டரி வாரம் இரண்டு முறை மலையேறிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா மூடநம்பிக்கைன்னு பாடம் எடுப்ப."

"வண்டி நின்னதே இதனாலதான்."

"போடி. விளக்கு கூரையில இருக்கு, பேட்டரி மூக்குல இருக்கு. இதுக்கும் அதுக்கும் என்ன?"

நாற்பது பிள்ளைகளுக்கு மின்சுற்று நடத்துகிறேன். அம்மாவுக்கு அதை ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்வது என்று இருந்துவிட்டேன். அன்று தரையில் உட்கார்ந்து கரிக்கட்டையால் கோடு போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிஷத்தில் அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் முகம் மாறியது.

"அன்னைக்கு ஒண்ணுமில்லன்னீங்களே, அந்தச் சத்தம் இதுக்கா?"

"ஆமா. அவன்கிட்டேர்ந்து சாவியையும் வாங்கிட்டேன்."

அம்மா எழுந்து வெளியே போய், கூரை விளக்கை மலையேற்றிவிட்டு வந்தார்.

மறுநாள் அண்ணன் வந்தான். பீரோவிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். கூரை விளக்கு என்றதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மாகிட்டயும் சாவியைப் பிடுங்கிட்டியா?" என்றான். நானும் சிரித்து, சாவியை நீட்டினேன். அவன் கை நீளவில்லை.

"மாடத்துலயே மாட்டு. அங்கேர்ந்து யார் எடுத்தாலும் நீ சந்தேகப்படமாட்ட."

மாட்டினேன். இப்போது ஆணியில் இரண்டு சாவிகள் தொங்குகின்றன. அம்மா செவ்வாய், வெள்ளிகளில் காருக்கு அகல் விளக்கைக் காட்டிவிட்டு உள்ளே கொண்டுவந்துவிடுகிறார். அதன்பிறகு வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. அண்ணனுக்கு வண்டி வேண்டுமென்றால் என்னைத் தேடி வருகிறான், நான் குளித்துக்கொண்டிருந்தாலும் காத்திருந்து கேட்கிறான்.

"டீச்சரம்மா, சாவி எடுத்துக்கட்டுமா?"

கேட்காமல் எடு என்று பலமுறை சொல்லிவிட்டேன். சரி என்கிறான். அடுத்த முறையும் கேட்கிறான்.