பருவுக்குக் கட்டிய வேப்பிலை

என் அக்காளுக்கு வந்த நல்ல வரனைத் துரத்தியது மாரியம்மன் அல்ல. என் மூக்கு நுனியில் கிளம்பிய பரு. அதை அம்மை என்று நம்ப வைத்தவன் நான்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஊரைச் சிரிக்க வைத்தே காலம் தள்ளுகிறவன்தானே நான்…

அப்போது புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்தது. திருமயத்திலிருந்து அக்காளைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி. மாப்பிள்ளையின் தங்கையும் வருகிறாளாம். பிடித்துப்போனால் அவள் எனக்காம்!

அவ்வளவுதான், நான் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டேன். பருவைக் கிள்ளினேன். பக்கத்தில் இன்னும் இரண்டு முளைத்தன. சந்தனம், எலுமிச்சை, சுண்ணாம்பு… பூசப் பூச முகம் குழிப்பணியாரமாக உப்பியது.

அவர்கள் வருகிற காலையில் போர்வைக்குள் புகுந்து, "ஆத்தா, ஒடம்பு கொதிக்குது" என்று முனகினேன்.

போர்வையை விலக்கிய என் தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மாரியாத்தா! வந்துட்டியா தாயே!"

வாசலில் வேப்பிலை ஏறியது. அடுப்பிலிருந்து பலகாரச் சட்டி இறங்கியது.

பட்டுப்புடவையோடு அக்கா என்னிடம் குனிந்தாள். "டேய், நேத்துப் பூரா கிள்ளிக்கிட்டுக் கெடந்தியே, அதுதானடா இது?"

"கிட்ட வராதே, ஒட்டிக்கும்!" என்றேன். 'ஆமாம்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? என்ன நாக்கு இது!

வண்டிச் சத்தம் வாசலில் நின்றது. வேப்பிலையைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் இறங்கவே இல்லை. "அம்மா வெளையாடுற வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்க. இன்னொரு நாள் வாரோம்." வரவே இல்லை. சகுனம் சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சு பரவி வேறு வரன்களும் நின்றன. கடைசியில் இலுப்பூரில் ஒருவருக்கு இரண்டாந்தாரமாக அக்காளைக் கொடுத்தோம்.

வேடிக்கை கேளுங்கள். அம்மைக்கென்று வீட்டில் எண்ணெய் இல்லை, தாளிதம் இல்லை. முகத்தில் கை வைக்க ஆத்தா விடவே இல்லை. பரு தானாகவே அமுங்கிவிட்டது! சும்மா விடுவதுதான் வைத்தியமாம்… எனக்கு அந்தப் பொறுமை இருந்ததா?

சென்ற வாரம் அக்கா மகளோடு வந்திருந்தாள். அந்தப் பெண்ணின் நெற்றியெல்லாம் பரு. கை சும்மா இருக்கவில்லை.

"கிள்ளாதடி," என்றாள் அக்கா. "கிள்ளினா என்ன ஆகும்னு ஒங்க மாமாவைக் கேளு."

"மாமா மாதிரி அழகாயிடுவே!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் விரல் தானாக மூக்கு நுனிக்குப் போயிற்று… அங்கே ஒன்றுமில்லை!