சேயோன் பந்தைக் கொடுத்த சனிக்கிழமை

பதினாறு வருடமாகச் செய்துவந்த வேலையை ஜேர்மனியில் வுப்பர்டாலில் உள்ள சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்தியே சேயோனுக்கு அலுத்துப் போயிருந்தது. "கிரிக்கெட் மாதிரியோ?" என்று கேட்பார்கள். "ஓம், கொஞ்சம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பான். அவன் பேஸ்போலில் தொடக்க எறிவாளன். ஆட்டத்தின் முதல் பந்து அவனுடையது. முழங்கை இடம்கொடுக்கும் வரை, சில நாள் நூறு பந்து வரை, அவனேதான் எறிய வேண்டும்.

பதினெட்டு வயதில் ஒரு அமெரிக்கக் கழகம் ஒப்பந்தம் எழுதி அவனைக் கூட்டிக்கொண்டு போனது. அங்கே சின்னச் சின்ன ஊர்களில், கீழ்மட்ட அணியொன்றுக்கு இரண்டு பருவம் எறிந்தான். பத்து மணித்தியால பஸ் பயணம், இறங்கினால் ஆட்டம், முடிந்தால் திரும்பவும் பஸ். மூன்றாம் வருடம் பயிற்சி தொடங்கிய ஒன்பதாம் நாள் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டுக் கைகொடுத்து, ஒப்பந்தம் முடிந்ததென்று சொல்லி அனுப்பிவிட்டார். சேயோன் கதிரையில் உட்காரக்கூட இல்லை.

ஜேர்மனிக்குத் திரும்பி இங்குள்ள லீக்கில் சேர்ந்தான். கிழமை நாட்களில் வைத்தியசாலையில் நோயாளர் கட்டில் தள்ளுகிற வேலை, சனிக்கிழமைகளில் ஆட்டம். இருபத்தாறு வயதில் முழங்கையில் சத்திரசிகிச்சை நடந்தது. பிறகு பந்தில் பழைய வேகம் இல்லை, தந்திரத்தால் சமாளித்தான். ஞாயிறு காலையில் தலைவாரக்கூடக் கை எழும்பாது. மனைவி மிதுசாதான் வாரிவிடுவாள்.

"இதென்ன சீவியம், சொல்லுங்கோ பாப்பம்" என்பாள்.

போன ஓகஸ்டில் ஹம்பேர்க்கில் ஆட்டம். மூன்று இன்னிங்ஸில் ஆறு ஓட்டங்களைக் கொடுத்துவிட்டான், பேஸ்போலில் அது அதிகம். நான்காவதில் பயிற்சியாளர் பிராங்க் அவன் நின்ற எறிமேட்டுக்கு நடந்து வந்தார்.

"மாற்று எறிவாளன் இன்னும் தயாராகவில்லை. இன்னும் ஒரு மட்டையாளனுக்கு மட்டும் எறி."

"முடியாது, பிராங்க்."

பிராங்க் அவனை உற்றுப் பார்த்தார். பதினான்கு வருடத்தில் சேயோன் அந்தச் சொல்லைச் சொன்னதேயில்லை.

"வலிக்கிறதா?"

"வலி எப்போதும் இருக்கிறதுதானே. இது களைப்பு."

பிராங்க் கையை நீட்டினார். சேயோன் பந்தை அதில் வைத்துவிட்டு நடந்தான். முப்பது பேர்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ இரண்டு தரம் கைதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

ரயிலில் இருந்து மிதுசாவுக்குப் போன் எடுத்தான்.

"வெண்டனீங்களோ?"

"இல்லை. இனி எறிய மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வாறன்."

"உண்மையாவோ? அப்ப நான் சிரிக்கிறதோ, அழுகிறதோ?"

"எனக்கும் தெரியேல்லை."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் தாய் சந்திரகாந்தி போனில் அழைத்தபோதும் அவன் கட்டிலில்தான் கிடந்தான்.

"இன்னும் எழும்பேல்லையோ தம்பி? காய்ச்சலோ?"

"இல்லையம்மா. நித்திரை."

"இண்டைக்கு மட்ச் இல்லையோ?"

"இல்லை. இனி இல்லை."

அவள் ஏதோ கேட்கத் தொடங்கியது அவனுக்குக் கேட்டது. பிறகு, "அப்ப படு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.