வெறும் பாறை என்று எழுதினேன்

தொண்ணூறுகளில் டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் இருந்தேன். கன்னியாகுமரிப் பக்கம் கடற்பாறைகளை உடைத்துத் துறைமுகம் கட்டும் கோப்பு வந்தது. நேரில் பார்க்காமலே, "வெறும் பாறை, உயிரினம் இல்லை" என்று குறிப்பெழுதினேன்.

ஆணை வெளியானபின், மூழ்கிச் சிப்பி எடுத்துப் பிழைக்கும் ஒருவர் ரயிலேறி வந்து, ஒரு பாறைத்துண்டை என் மேசையில் வைத்தார். செத்த பிறகும் தம் உடலில் வளரும் நாரால் கல்லை இறுக்கிப் பிடித்திருந்த கறுப்புச் சிப்பிகள் நாறின.

"ஒண்ணும் இல்லேண்ணு எழுதினது ஆரு சாரே?"

"ஆட்சேபம் சொல்லக் கெடு முடிஞ்சுபோச்சு. நோட்டீஸ் ஒட்டியிருந்தோமே."

"எங்க?"

"இந்த வராந்தாவிலதான்."

"கடலுக்குப் போறவன் டெல்லி வராந்தாவுக்கு வந்து வாசிக்கணும், இல்லியா சாரே?"

என் பிழையை ஒப்புக்கொண்டு ஒரு குறிப்பு எழுதினால் கோப்பு மறுபரிசீலனைக்குத் திரும்ப வந்திருக்கும். பதவி உயர்வு நெருங்கியிருந்ததால் எழுதவில்லை. பாறைகளை உடைத்துவிட்டார்கள்.

நடைமுறை எதையும் மீறவில்லை என்று அன்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அந்த ஆறுதலை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.